பார்த்ததை வைத்துப் பார்க்காததைக் கீறுவோம்

கற்பனை மிருகங்கள் கீறப் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தாய் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் மகன் எட்டாம் தரம் படிக்கிறான். எந்த நேரமும் கொம்பு வச்ச பாம்பு, றெக்கை வச்ச புலி, மூணு தல நாயின்னு கீறிக்கிட்டே இருக்கான். கணக்குக் கொப்பி பின்பக்கம் முழுக்க அதுதான். அவங்க அப்பாவுக்குக் கோபம் வந்து, போன கெழம ஒரு கொப்பிய அடுப்புல போட்டுட்டாரு. பிள்ள ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல. இது ஏதாச்சும் வருத்தமா? மந்திரிக்கணுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குப் போனோம். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். எங்களில் ஒருவர்கூடச் சித்திரம் முறையாகப் படித்தவர் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே எல்லாரும் சேர்ந்தே பழகினோம். நாங்கள் முதலில் கீறிய யாளி பன்றிக்குட்டி மாதிரி வந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் முதல் தடவையாகச் சிரித்தான். அப்படிப் பழகியதில் எங்களுக்கு விளங்கியதை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

இது வருத்தம் இல்லை

அந்தத் தாய்க்குச் சொன்னதையே முதலில் எல்லாருக்கும் சொல்கிறோம். உலகத்தில் இல்லாத மிருகத்தைக் கீறுவது வருத்தமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. அப்படியென்றால் நம் முன்னோர் எல்லாரையும் மந்திரிக்க வேண்டியிருந்திருக்கும்.

நாம் கும்பிடும் காமதேனுவைப் பாருங்கள். பசுவின் உடம்பு, பெண்ணின் முகம், பறவையின் சிறகு, மயிலின் தோகை. மதுரை மீனாட்சியம்மன் கோவில் தூண்களில் யாளி நிற்கிறது. அதற்குச் சிங்கத்தின் உடம்பு, யானையின் தும்பிக்கை. நம் பக்கத்திலேயே, கண்டி மாவட்டத்து எம்பெக்க தேவாலயத்தில், 14ஆம் நூற்றாண்டில் கம்பளை இராசதானியாக இருந்த காலத்து மரத்தூண்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு தலை உள்ள பறவையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பௌத்த விகாரைகளின் வாசலுக்கு மேலே மகர தோரணம் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பழைய சிங்களக் கலைகளைப் பற்றி 1908இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மகரத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்தக் காலச் சிற்பிகள் வைத்திருந்த இலக்கணத்தை அவர் அதில் எடுத்துக் காட்டுகிறார். தும்பிக்கை யானையைப் போல, கால் சிங்கத்தைப் போல, காது பன்றியைப் போல, உடம்பு மீனைப் போல இருக்க வேண்டுமாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மகரத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் யானையை, பன்றியை, மீனை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். முழு மிருகம்தான் கற்பனை. அதன் ஒவ்வொரு உறுப்பும் கண்ணால் கண்டது. இந்தப் பாடத்தின் சாரமே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

கொப்பியில் என்ன இருந்தது?

அடுப்பில் போனது போக, இன்னொரு சீ.ஆர். கொப்பி அவனிடம் இருந்தது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கொண்டுவந்து காட்டினான். கை நல்ல கைதான். கோடு நடுங்கவில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது எங்களுக்கு ஒன்று தெரிந்தது. எல்லா மிருகமும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி எல்லாம் ஒரே பக்கம் பாக்குது?"

"பேக்குல அப்படித்தான் சேர் இருக்கு."

அவனுடைய பள்ளிக்கூடப் பையில் நெருப்புக் கக்கும் றெக்கைப் பாம்பு ஒன்று அச்சடித்திருந்தது. அதையே திரும்பத் திரும்பக் கீறியிருந்தான். "சரி, பறந்து முடிஞ்சு கீழே உக்காரும்போது றெக்கையை எங்க மடக்கி வைக்கும்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தான். "தெரியாது சேர். பேக்குல மடக்கி இல்ல" என்றான்.

தானாகவே பழகும் பிள்ளைகள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒன்றைப் பார்த்து அப்படியே கீறுவது குற்றம் இல்லை. ஆரம்பத்தில் கை பழக அது உதவும். ஆனால் இன்னொருவர் கீறியதை மட்டுமே பார்த்துக் கீறினால், அவர் விட்ட பிழையும் நம் கைக்கு வந்துவிடும். அவர் ஏன் அந்தக் கோட்டைப் போட்டார் என்ற காரணம் மட்டும் வராது.

இதற்கு ஒரு பேர்போன உதாரணம் உண்டு. 1515இல் இந்தியாவில் இருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் இருந்த டியூரர் என்ற பெரிய ஓவியர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வேறொருவர் எழுதி அனுப்பிய விவரத்தையும், கீறி அனுப்பிய படத்தையும் வைத்து மரக்கட்டையில் செதுக்க ஒரு படம் செய்தார். உண்மையான காண்டாமிருகத்துக்கு மடிப்பு மடிப்பான தோல். டியூரரின் படத்திலோ இரும்புக் கவசம் போட்டதுபோல இருக்கும். தோள்பட்டைக்கு மேலே இல்லாத சின்னக் கொம்பு ஒன்றும் முளைத்திருக்கும். அழகான படம்தான். ஆனால் அதைப் பார்த்துக் கீறியவர்கள் எல்லாரும் அந்த இல்லாத கொம்பையும் சேர்த்தே கீறினார்கள். இருநூறு வருடத்துக்கும் மேலாக ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான்.

ஒரு கேடயத்தின் கதை

இனி இதற்கு நேர்மாறான கதை. இத்தாலி நாட்டில் 1452இல் பிறந்த லியனார்டோ டா வின்சியைப் பற்றி, வசாரி என்பவர் 1550இல் வெளியிட்ட நூலில் சொல்லியிருக்கிறார்.

ஒரு குடியானவர் அத்திமரத்தில் வட்டமாக ஒரு கேடயம் செய்து, அதில் ஏதாவது படம் எழுதித் தரும்படி லியனார்டோவின் தகப்பனிடம் கொடுத்தாராம். தகப்பன் அதை மகனிடம் கொடுத்தார். பார்ப்பவர் பயந்து பின்வாங்கும்படி ஒரு பயங்கரமான மிருகத்தை எழுத வேண்டும் என்று லியனார்டோ நினைத்தார். அதற்கு அவர் என்ன செய்தார்? கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கவில்லை. பல்லி, ஓணான், பாம்பு, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, வௌவால் என்று பிடித்துக்கொண்டு வந்து ஓர் அறையில் நிறைத்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். செத்த பிராணிகள் நாற்றமெடுத்தும் வேலை ஆசையில் அவருக்கு அது தெரியவில்லையாம். முடிந்ததும் கேடயத்தை மங்கலான வெளிச்சத்தில் வைத்துத் தகப்பனைக் கூப்பிட்டார். வந்தவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "இதற்காகத்தான் செய்தேன், கொண்டுபோங்கள்" என்றாராம் மகன்.

தகப்பன் கெட்டிக்காரர். கடையில் வேறொரு கேடயம் வாங்கிக் குடியானவருக்குக் கொடுத்துவிட்டு, மகன் எழுதியதை வியாபாரிகளுக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டார் என்று வசாரி எழுதுகிறார்.

லியனார்டோவின் குறிப்புக் கொப்பிகளிலும் இதே யோசனை இருக்கிறது. பறக்கும் பெரும்பாம்பு உண்மைபோலத் தெரிய வேண்டுமானால் நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, சிங்கத்தின் புருவம், ஆமையின் கழுத்து என்று எடுத்துச் சேருங்கள் என்கிறார். நம் சிற்பிகளின் மகர இலக்கணமும் இதுவும் ஒன்றுதான். இரண்டு தேசம், ஒரே வழி.

நாம் லியனார்டோ மாதிரி பிராணிகளைப் பிடித்து அடைக்கத் தேவையில்லை. தோட்டத்தில் வாழும் நமக்கு அவை நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

பாடம் 1: சாமான்கள்

பென்சில் ஒன்று போதும். கடையில் கிடைத்தால் 2பி பென்சில் ஒன்றும் வாங்குங்கள். அது கறுப்பாக, மென்மையாக எழுதும். கடதாசிக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம், ஒரு பக்கம் வெறுமையான கடதாசி, பேப்பர் பைகள் எல்லாம் நல்லவை. அடுப்பில் அணைந்து ஆறிய மெல்லிய கரிக்குச்சி பெரிய படத்துக்கு ஏற்றது. அது கையில் ஒட்டும், படமும் அழியும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம்.

நிறத்துக்கு நம் வீட்டிலேயே சாயம் இருக்கிறது. சீனி போடாத கடுஞ்சாயத் தண்ணியைத் தூரிகையால் தொட்டுப் பூசுங்கள். ஒரு தடவை பூசினால் இளம் மண்ணிறம். காய்ந்த பிறகு அதே இடத்தில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பூசினால் நிறம் கூடும். எங்கள் படங்களுக்கு நிழல் போட்டது இந்தச் சாயம்தான்.

பாடம் 2: முதலில் இருப்பதைக் கீறுங்கள்

முதல் இரண்டு கிழமைக்குக் கற்பனை மிருகமே வேண்டாம். பார்த்ததை மட்டும் கீறுங்கள். முழு மிருகமும் வேண்டாம், ஒரு நாளைக்கு ஓர் உறுப்பு போதும்.

கோழியின் கால். அதில் செதில் இருக்கிறது, நகம் இருக்கிறது. பெரிதாகக் கீறினால் அதுவே ஒரு பயங்கர மிருகத்தின் கால்.

ஆட்டின் கண்ணும் பூனையின் கண்ணும். ஆட்டின் கண்மணி குறுக்கே படுத்த கீற்று. பூனையின் கண்மணி வெயிலில் நெட்டுக்குத்தான கீற்று.

சுவரில் இருக்கும் பல்லியின் விரல்கள். மாட்டின் மூக்கு. சேவலின் கொண்டை. நத்தையின் ஓடு.

காட்டோரமாக மூக்கில் கொம்பு வைத்த சின்ன ஓணானை நீங்கள் கண்டிருக்கலாம். ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்க் காடுகளில் அது வாழ்கிறது. அந்தக் கொம்பு ஓணான் குடும்பம் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பையில் அச்சடித்த றெக்கைப் பாம்பைப் பார்த்துக் கீறும் நமக்கு, உண்மையாகவே கொம்பு வைத்த பிராணி நம் மலையில் இருப்பது தெரியாமல் போகிறது!

ஒரு எச்சரிக்கை. குளவிக் கூட்டுப் பக்கம், பாம்புப் புற்றுப் பக்கம் போகக் கூடாது. சிறுத்தை நடமாடும் இடத்துக்கு எட்டிப் பார்க்கவும் கூடாது. செத்துக் கிடக்கும் பிராணியைக் கையால் தொடவே வேண்டாம், நோய் தொற்றலாம். தூர நின்று பார்ப்பதற்குக் கண் போதும்.

பாடம் 3: முதுகுக் கோடு, உருண்டை, குழாய்

படத்தைக் கண்ணில் இருந்தோ கொம்பில் இருந்தோ தொடங்காதீர்கள். அந்தப் பிள்ளை அப்படித்தான் தொடங்குவான். தலை அழகாக வரும். உடம்புக்குக் கடதாசியில் இடம் இருக்காது.

முதலில் தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரே கோடு லேசாகப் போடுங்கள். அதுதான் முதுகு. பாயும் மிருகம் என்றால் கோடு வில்லைப் போல வளையும். படுத்திருந்தால் தளரும். பயந்திருந்தால் நடுவில் மேலே எழும்பும், பூனை சிலிர்ப்பது போல.

அந்தக் கோட்டின்மேல் நெஞ்சுக்கு ஒரு பெரிய முட்டை, இடுப்புக்கு ஒரு சின்ன முட்டை, தலைக்கு ஓர் உருண்டை. கழுத்தும் காலும் குழாய்கள். தலை பெரிதானால் கழுத்தும் தடிக்க வேண்டும். கொம்பு பாரமானால் தோளும் பெருக்க வேண்டும். முழுக்கூடை தூக்கும் அம்மாவின் கழுத்தையும் தோளையும் பாருங்கள், பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியும்.

இப்படிப் போட்டுக்கொண்டால் மிருகத்தை எந்தப் பக்கமும் திருப்பலாம். உருண்டைக்கு இடப்பக்கம் வலப்பக்கம் இல்லையே.

பாடம் 4: மூட்டு எங்கே மடங்கும்?

இந்தப் பாடத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நாங்கள் எதிர்பார்க்காத ஆள்.

பிள்ளையின் தகப்பன் கவ்வாத்து வெட்டுபவர். நாங்கள் போகும்போதெல்லாம் இஸ்தோப்பில் இருந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். "வாங்க" என்பார், அதற்குமேல் பேச மாட்டார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக் கால் வைத்த ஒரு மிருகத்தைப் பிள்ளை கீறிக்கொண்டிருந்தான். பின்னங்காலை மனுஷன் காலைப் போல முன்பக்கம் மடக்கியிருந்தான். எங்களுக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

தகப்பன் எட்டிப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை போலும்.

"என்னடா இது? ஆட்டுக்கு முழங்கால் அங்கயா இருக்கு? வா இங்க."

எழுந்து கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் பின்னால் போனோம். மாட்டின் பின்னங்காலைத் தடவிக் காட்டினார். "இந்தா, பின்னால மடங்குதே, இது முழங்கால் இல்ல, குதிகால் மாதிரி. முழங்கால் மேல இருக்கு, வயித்துக்கிட்ட. தொட்டுப் பாரு." பிள்ளை தொட்டுப் பார்த்தான். நாங்களும் தொட்டுப் பார்த்தோம்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. மாடும் ஆடும் நிற்பது பாதத்தில் இல்லை, விரல் நுனியில் உள்ள குளம்பில். குளம்பு என்பது நம் நகத்தைப் போன்றது. ஆகவே நமக்குத் தரையில் இருக்கும் குதிகால் அவற்றுக்கு மேலே தூக்கி நிற்கிறது. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. நாயும் பூனையும் விரலில் நடக்கின்றன. கரடியும் மனுஷனும் பாதம் முழுவதும் பதித்து நடக்கிறார்கள். கற்பனை மிருகத்துக்கு எந்தக் காலை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் எந்தக் காலை எடுத்தாலும், மூட்டு அதன் இடத்தில் மடங்க வேண்டும். மடங்கினால் மிருகம் நடக்கும். இல்லாவிட்டால் பொம்மை மாதிரி நிற்கும்.

அன்று சாயங்காலம் பிள்ளை மாட்டுக் காலை மட்டும் பதினொரு தடவை கீறினான். தகப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் 5: சிறகு

சிறகு என்றால் முதுகில் ஒட்டிவிடும் சாமான் இல்லை. அது கை. பறவைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு, அதன்மேல் இறகு. வௌவாலுக்கும் அப்படியே. அதன் பெருவிரல் சின்னதாக, கொக்கி போல மேலே நிற்கும். மற்ற நான்கு விரலும் நீண்டு குடைக்கம்பி போல விரியும். அவற்றுக்கு இடையில் தோல்.

மின்கம்பியில் அடிபட்டுத் தொங்கும் பெரிய வௌவாலை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பிள்ளை ரோட்டில் நின்று அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "சேர், அது றெக்கை இல்ல, வெரல்! கொட மாதிரி மடக்கும்!" என்றான். பையில் இருந்த படத்தைப் பார்த்து இவ்வளவு நாளும் விளங்காதது, கண்ணால் ஒரு தடவை பார்த்ததும் விளங்கியது. அன்றைக்குத்தான் அவனுடைய மிருகம் முதல் தடவையாக றெக்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

பாடம் 6: எங்கே வாழும்? என்ன தின்னும்?

உறுப்புகளைக் கண்டபடி ஒட்டினால் மிருகம் ஆகாது, குப்பை ஆகும். எதை எதோடு சேர்ப்பது என்று தீர்மானிக்க இரண்டு கேள்வி போதும். அது எங்கே வாழும்? என்ன தின்னும்?

வேட்டையாடும் பூனைக்கும் சிறுத்தைக்கும் கண் இரண்டும் முன்னால். தூரத்தைக் கணக்குப் பார்த்துப் பாய அது உதவும். பயந்து வாழும் ஆட்டுக்கும் முயலுக்கும் கண் பக்கவாட்டில். பின்னால் யார் வருகிறார் என்று பார்க்க அது உதவும். இறைச்சி தின்னும் மிருகத்துக்குக் கோரைப்பல். புல் தின்னும் மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. நம்பாவிட்டால் வீட்டு மாட்டின் வாயைப் பாருங்கள். எறும்பும் கறையானும் தின்னும் அழுங்குக்குப் பல்லே இல்லை, நீளமான ஒட்டும் நாக்குதான்.

இந்த இரண்டு கேள்வியையும் பிள்ளையிடம் கேட்டோம். ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சொன்னான்.

"இது மலையில மப்புக்குள்ள இருக்கும் சேர். மப்புல கண்ணு தெரியாதே. அதால வௌவால் மாதிரி காது பெருசு. செங்குத்தான எடத்துல ஏறணும், அதால ஆட்டுக் கொளம்பு. ஒடம்பு சிறுத்த."

"என்ன தின்னும்?"

"அட்ட தின்னும் சேர்."

"அட்டையா? ஏன்?"

தாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மழைக்கு அம்மா மலையில இருந்து வந்தா கால் முழுக்க ரத்தம். இது முன்னால போய் எல்லா அட்டையும் தின்னுரும்."

அதற்குக் கோரைப்பல் வேண்டாம் என்று அவனே தீர்மானித்தான். அட்டையை நக்கி எடுக்க அழுங்கின் நீள நாக்கு வைத்தான். பேர் மப்புப் புலி. பேய் என்று நினைத்துத்தான் அந்தக் கொப்பியை அடுப்பில் போட்டார்கள். பிள்ளையின் மனதுக்குள் என்ன இருந்தது என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது. தகப்பன் ஒன்றும் பேசவில்லை. ஆணியில் தொங்கிய போன வருடக் கலண்டரைக் கழற்றி அவனிடம் கொடுத்தார்.

பாடம் 7: தோலும் வெளிச்சமும்

இது கடைசி வேலை. உடம்பு சரியாக வந்த பிறகுதான் தோலுக்குப் போக வேண்டும்.

செதில் கூரைத் தகரத்தைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கும். முழுதாக எல்லாவற்றையும் கீறத் தேவையில்லை. நிழல் விழும் பக்கத்தில் கொஞ்சம், வளைவு திரும்பும் இடத்தில் கொஞ்சம் போட்டால் கண்ணே மற்றதை நிரப்பிக்கொள்ளும். ரோமம் வளரும் திசையில் கோடு போக வேண்டும். நாயைத் தடவிப் பார்த்தால் திசை தெரியும்.

வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப் பக்கத்தில் சாயம் பூசுங்கள். காலுக்குக் கீழே தரையிலும் நிழல் போடுங்கள். அந்த நிழல் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மிருகமும் காற்றில் மிதக்கும்.

முடிந்ததும் படத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். இடம் வலமாக மாறித் தெரியும்போது, அதுவரை தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும்.

தானாகப் பழகுகிறவர்களுக்கு

ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் போதும், ஆனால் தினமும் வேண்டும். அழிறப்பரைக் கண்டபடி பாவிக்காதீர்கள். பிழைக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சரியான கோட்டைப் போடுங்கள். ஒவ்வொரு படத்திலும் திகதி எழுதுங்கள். மோசமான படத்தையும் எறிய வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று அதுதான் சொல்லும். எரிந்துபோன கொப்பியால் பிள்ளைக்கு வந்த பெரிய நட்டம் இதுதான். தன் முதல் படங்களை அவனால் இனிப் பார்க்க முடியாது.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வார்த்தை

கணக்குக் கொப்பி கணக்குக்குத்தான். அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். படத்துக்கு வேறு கடதாசி கொடுங்கள், வேறு நேரம் கொடுங்கள். ஆனால் கொப்பியை எரிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். "இதால என்ன சோறா கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள்.

எல்லாப் பிள்ளையும் பெரிய ஓவியர் ஆவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சித்திரம் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம். உயர் தரத்திலும் எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலையைத் தமிழில் படித்துப் பட்டம் பெறலாம். அந்த வழியில் போகாவிட்டாலும், மூட்டையும் சிறகையும் உற்றுப் பார்த்துக் கீறப் பழகிய பிள்ளை விஞ்ஞானப் பாடத்துப் படத்தையும் விளங்கிக் கீறுவான்.

சொல்லித்தர ஆள் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். மாட்டுக் காலைத் தெரிந்த தகப்பன் இருக்கிறார். எந்தக் குருவி எந்த மரத்தில் கூடு கட்டும் என்று தெரிந்த பாட்டி இருக்கிறார். மப்பும் மழையும் தெரிந்த தாய் இருக்கிறார். பிள்ளை கீறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன தின்னும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டைச் சுற்றி உள்ள ஐந்து பிராணிகளின் ஐந்து உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்த்துக் கீறுங்கள்.

2. அவற்றில் மூன்றைச் சேர்த்து ஒரு மிருகம் செய்யுங்கள். அது எங்கே வாழும், என்ன தின்னும் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள்.

3. அதே மிருகத்தை மறுபக்கம் திருப்பி, படுத்துத் தூங்குவதாகக் கீறுங்கள்.

படங்களை எங்கள் உத்தியோகத்தர் உங்கள் தோட்டத்துக்கு வரும்போது கையில் கொடுங்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கொடுக்கலாம். நாங்கள் கீறிய பன்றிக்குட்டி யாளியை விட உங்களுடையது நன்றாகத்தான் இருக்கும்.